அப்பாவின் தலைப்பெழுத்து, அம்மாவின் குடி

உங்களுக்குத் தெரியுமா?

மட்டக்களப்புப் பகுதியில் ஒருவரின் ‘குடி’ (குலப் பிரிவு) தாய்வழியாகவே வருகிறது. உலகிப்போடி குடிப் பெண் பெற்ற பிள்ளைகள் எல்லோரும் உலகிப்போடி குடிதான். அப்பா எந்தக் குடியாக இருந்தாலும் சரி. பெயருக்கு முன்னால் நிற்கும் எழுத்தோ அப்பாவுடையது. வாழைச்சேனையில் இருந்துகொண்டு பூட்டியின் குடியைத் தேடுபவர் தலைப்பெழுத்தைப் பிடித்துப் போனால் வேறு குடியில்தான் போய் நிற்பார். பிறப்பு அத்தாட்சிப் பத்திரத்தில் தாயின் பெயர் எழுதிய கட்டத்தைப் பாருங்கள். வழி அங்கேதான் தொடங்குகிறது.

• கிழக்கிலங்கை முஸ்லிம்களிடமும் இதே குடி வழக்கம் உண்டு. ஒரே குடிக்குள் கல்யாணம் இல்லை என்பது மரபு. கோயில் திருவிழாவும் பள்ளிவாசல் மரைக்கார் பொறுப்பும் குடிவாரியாகப் பிரிக்கப்பட்ட ஊர்களில், அந்தப் பிரிவினைப் பட்டியலும் ஓர் ஆவணம்தான். கச்சேரியில் கிடைக்காதது அங்கே கிடைக்கலாம்.

• இலங்கையில் முதல் குடிசன மதிப்பீடு 1871இல் நடந்தது. 2001இல் எடுத்தது போரால் மட்டக்களப்பில் முழுமை பெறவில்லை. 1981க்குப் பிறகு இங்கே அடுத்த முழுக் கணக்கு 2012இல்தான்: 31 ஆண்டு இடைவெளி.

• ‘கல்வெட்டு’ என்றால் கல் மட்டுமல்ல. ஈழத்தில் 31ஆம் நாள் கிரியையில் கொடுக்கும் நினைவு மலருக்கும் அதுதான் பெயர். பலவற்றில் வம்சாவளியும் அச்சாகியிருக்கும் (அச்சுப்பிழையோடு!). நூலகம் நிறுவனம் இப்படிப்பட்ட மலர்களை இணையத்தில் சேர்த்து வருகிறது.