வேஷம் எது, வேலை எது?

கேமரன் மலையில், கோலா தெர்லாவிலிருந்து பிரிஞ்சாங்கைத் தாண்டித் தானா ராத்தா போகும் சாலையில், கோல்ஃப் திடலுக்குப் பக்கத்தில் ஒரு வீட்டைப் பார்த்திருப்பீர்கள். வெள்ளைச் சுவரில் குறுக்கும் நெடுக்குமாகக் கறுப்புக் கட்டைகள், சரிவான கூரை, அதற்கும் மேலே புகைபோக்கி. ஸ்மோக்ஹவுஸ் என்ற அந்த விடுதியை வெள்ளைக்காரர்கள் கட்டியது 1930களில். சாயலோ 400 ஆண்டு பழசு, எட்டாம் ஹென்றி காலத்து இங்கிலாந்து வீடு!

அந்தக் காலத்தில் கூரையின் பாரத்தைத் தாங்கியது ஓக் மரச் சட்டம். கட்டைகளுக்கு நடுவே குச்சியைப் பின்னி மண் பூசினார்கள். வசதி உள்ளவர்கள் செங்கல் அடுக்கினார்கள். 1666இல் லண்டனில் ஒரு ரொட்டிக் கடையில் பிடித்த தீ, 13,000க்கும் மேற்பட்ட வீடுகளை எரித்துவிட்டது. அதன்பின் செங்கல்லிலோ கல்லிலோதான் வீடு கட்ட வேண்டும் என்று அங்கே சட்டமே வந்தது. பாரம் சுவருக்குப் போனது. பிற்காலத்தில் பழைய பாணியில் கட்டிய பல வீடுகளில் கறுப்புக் கட்டை வெறும் அலங்காரம்தான். அது வேஷம்.

புகைபோக்கி அப்படியல்ல. 20 டிகிரிக் காற்று ஒரு கன மீட்டர் எடுத்தால் சுமார் 1.2 கிலோ இருக்கும். அதையே 200 டிகிரிக்குச் சூடாக்கினால் ஒரு கன மீட்டரின் எடை முக்கால் கிலோதான். கணப்பில் விறகு எரியும்போது குழாய்க்குள் இருக்கும் சூடான காற்று லேசாகி மேலே ஏறுகிறது. அந்த இடத்தைப் பிடிக்க அறையின் குளிர்ந்த காற்று தீக்குள் பாய்கிறது. குழாய் உயர உயர இந்த இழுப்பும் கூடும். கூரையின் உச்சியைவிடத் தாழ்வாக வைத்தால் காற்று சுழன்றடித்துப் புகையை வீட்டுக்குள்ளேயே தள்ளிவிடும்.

ஆயிரம் மீட்டர் ஏறினால் ஆறரை டிகிரி குறையும் என்பது பொதுக் கணக்கு. தானா ராத்தாவோ 1,400 மீட்டருக்கு மேலே. அடிவாரத்துத் தாப்பாவில் கணப்பு வைத்தால் ஊரே சிரிக்கும், இங்கே அவசியம். தீ அணைந்த பிறகும் கணப்பின் கனத்த செங்கல் சூட்டைச் சேர்த்து வைத்து, இரவில் மெல்ல மெல்ல விடும். தோட்டங்களில் துரை பங்களாவுக்குத்தான் அந்தச் சுகம். கொழுந்து பறித்தவர்களின் லயத்துக்குத் தகரக் கூரை. மெல்லிய தகரத்தில் சூடு தங்காது, வெயில் போனதும் ஜில்லிட்டுவிடும்.

பாரத்தைத் தாங்கும் செங்கல் சுவரின் பலமோ அடுக்கும் முறையில் இருக்கிறது. வீட்டிலேயே சோதித்துப் பாருங்கள். ஒரே அளவான தீப்பெட்டிகள் இருபது சேகரியுங்கள். குச்சிகளை அம்மாவிடம் கொடுத்துவிடுங்கள். முதலில் ஒன்றன்மேல் ஒன்றாக நேராக அடுக்கி, பக்கத்திலிருந்து விரலால் தள்ளுங்கள். பிறகு ஒரு வரிசை நீளவாட்டில், அடுத்த வரிசை குறுக்கே என, மேல் இணைப்பு கீழ் இணைப்புக்கு நேராக வராதபடி அடுக்கித் தள்ளுங்கள். இந்த இரண்டாவது முறைக்குக் கட்டடக் கலையில் ‘இங்கிலீஷ் பாண்டு’ என்று பெயர். எந்தச் சுவர் முதலில் சரிந்தது, ஏன் என்று உங்கள் அறிவியல் ஆசிரியரிடம் சொல்லுங்கள்.