உடைந்த மருந்தும் தடயம்தான்

போதைப்பொருள் விழிப்புணர்வுக் கூட்டம் முடிந்து வகுப்புக்குத் திரும்பியதும் பத்தாம் வகுப்பு மாணவி ஒருத்தி கேட்டாள்: “மருந்து உடம்புக்குள்ள போய்க் கரைஞ்சிடுச்சுன்னா, அப்புறம் எப்படி சார் கண்டுபிடிப்பாங்க?” நல்ல கேள்வி. பல நேரங்களில் கண்டுபிடிக்கப்படுவது அந்த மருந்தே அல்ல. உடல் அதை உடைத்து வெளியே அனுப்பிய துண்டு. உண்மையில் நடந்த ஒன்றைச் சொன்னால் இது எளிதில் விளங்கும்.

2002 அக்டோபர் 23 இரவு, மாஸ்கோவின் துப்ரோவ்கா அரங்கில் இசை நாடகம் பார்த்துக்கொண்டிருந்த 800க்கும் மேற்பட்டோரைச் செச்சென் ஆயுதக் குழுவினர் பிணைக்கைதிகளாகப் பிடித்தனர். 26ஆம் தேதி அதிகாலை, ரஷ்யப் படையினர் காற்றோட்டக் குழாய்கள் வழியே மயக்கப் பொருள் ஒன்றை அரங்குக்குள் செலுத்திவிட்டு உள்ளே நுழைந்தனர். பிணைக்கைதிகளில் சுமார் 130 பேர் இறந்தனர். பெரும்பாலோரின் சாவுக்குக் காரணம் அந்தப் பொருள்தான். அது என்னவென்று மருத்துவர்களுக்கு முன்கூட்டிச் சொல்லப்படவில்லை. சில நாள் கழித்து, ஃபென்டனில் வகையைச் சேர்ந்தது என்று மட்டும் ரஷ்ய சுகாதார அமைச்சர் அறிவித்தார். முழு விவரம் வெளியிடப்படவே இல்லை.

ஃபென்டனில் என்பது அபினிச் செடியின் துணையின்றி ஆய்வகத்தில் உருவாக்கப்படும் வலிநீக்கி. பெல்ஜிய வேதியியலாளர் பால் யான்சென் குழுவினர் உருவாக்கியது. அறுவை சிகிச்சையில் இன்றும் பயன்படுகிறது. அதன் உறவினரான கார்ஃபென்டனில், மார்ஃபினைவிட ஏறத்தாழ 10,000 மடங்கு வீரியமானது. யானை போன்ற பெரிய விலங்குகளை மயக்கப் பயன்பட்டது. இவ்வளவு வீரியம் என்றால், ஆளைச் சாய்க்க மிகச் சிறிய அளவே போதும். ரத்தத்தில் தேடிப் பிடிப்பதும் அந்த அளவுக்குக் கடினம்.

இங்கேதான் கல்லீரல் வருகிறது. கொழுப்பில் எளிதாகக் கரையும் இத்தகைய மருந்தை அப்படியே சிறுநீரில் வெளியேற்றுவது உடலுக்குச் சிரமம். அதனால் கல்லீரலின் நொதிகள், முக்கியமாக சி.ஒய்.பி. 3ஏ4 என்ற நொதி, மூலக்கூறின் நைட்ரஜனோடு ஒட்டியிருக்கும் வாலைக் கத்தரித்துவிடுகின்றன. மீதித் துண்டு நீரில் நன்றாகக் கரைந்து சிறுநீரோடு போகிறது. ஃபென்டனிலில் இருந்து வரும் துண்டின் பெயர் நார்ஃபென்டனில். கார்ஃபென்டனிலில் இருந்து வருவது நார்கார்ஃபென்டனில்.

பத்தாம் வகுப்பின் ‘அணுக்களும் மூலக்கூறுகளும்’ பாடம் நடத்துபவர்கள் இதைக் கரும்பலகையிலேயே போட்டுக் காட்டலாம். கார்ஃபென்டனிலில் 24 கார்பன், 30 ஹைட்ரஜன், 2 நைட்ரஜன், 3 ஆக்சிஜன். மூலக்கூறு நிறை 288 + 30 + 28 + 48 = 394. நிகரமாகக் குறைவது 8 கார்பன், 8 ஹைட்ரஜன், அதாவது 104. மிச்சம் 290. நிறை நிறமாலைமானி என்ற கருவி இந்த நிறைகளைத்தான் அளக்கிறது. பின்பு மூலக்கூறை மேலும் உடைத்து, அந்தச் சிறு துண்டுகளின் நிறையையும் பார்த்து, இது இன்னதுதான் என்று உறுதி செய்கிறார்கள்.

பிரிட்டனின் போர்ட்டன் டவுன் பாதுகாப்பு ஆய்வகத்தினர் அதையே செய்தனர். அரங்கிலிருந்து உயிர் தப்பிய பிரிட்டானியர் இருவரின் உடைகளும், இன்னொருவரின் சிறுநீரும் அவர்களிடம் இருந்தன. 2012இல் முடிவை வெளியிட்டனர். உடைகளில் கார்ஃபென்டனிலும் ரெமிஃபென்டனிலும் இருந்தன. சிறுநீரில் நார்கார்ஃபென்டனில் இருந்தது. உடையில் இருப்பது மேலே பட்டதை மட்டுமே காட்டும். சிறுநீரில் இருக்கும் துண்டோ, பொருள் உடலுக்குள் போய்க் கல்லீரலைக் கடந்து வந்ததைக் காட்டுகிறது.

ஆனால் ஒரு சிக்கல். ரெமிஃபென்டனிலின் நிறை 376. அதன் நைட்ரஜனில் ஒட்டிய வால் வேறு. அது போனால் குறைவது 86. கழித்துப் பாருங்கள், அதே 290! நிறை மட்டுமல்ல, பொருளும் அதே நார்கார்ஃபென்டனில்தான். ரெமிஃபென்டனில் பெரும்பாலும் ரத்தத்திலும் திசுக்களிலும் உள்ள எஸ்டரேஸ் நொதிகளால் வேறு வழியில் சிதைவதால், இந்த வழி அதற்குக் கிளைப்பாதை மட்டுமே. என்றாலும் சிறுநீரை மட்டும் வைத்து ‘இதுதான் தாய்ப்பொருள்’ என்று அடித்துச் சொல்ல முடியாது. உடைகளின் சான்று அதனால்தான் தேவைப்பட்டது.

நம் சமையலறையிலும் இதற்கொரு உதாரணம் உண்டு. கசகசா அரைத்துவிட்ட குருமா சாப்பிட்டவரின் சிறுநீரில் மார்ஃபின் தெரியலாம். ஹெராயின் எடுத்தவரிடமும் மார்ஃபின் தெரியும். ஆனால் ஹெராயின் உடையும்போது நடுவில் தோன்றும் 6-மோனோஅசிட்டைல்மார்ஃபின், கசகசாவிலிருந்து வராது. ஒரு அப்பாவி குற்றவாளி ஆகாமல் இருப்பது இந்த ஒரு துண்டைத் தேடிப் பார்ப்பதில்தான் இருக்கிறது.

புதிதாகத் தெருவுக்கு வரும் பொருள்களுக்கு எந்தத் துண்டைத் தேடுவது? மனிதருக்குக் கொடுத்துப் பார்க்க அறம் இடம் தராது. எனவே தானமாகக் கிடைத்த மனிதக் கல்லீரல் செல்களோடு அந்தப் பொருளைச் சோதனைக் குழாயில் உடல் வெப்பநிலையில் வைத்திருந்து, தொடக்கத்தில் இல்லாமல் பின்பு தோன்றிய நிறைகளைக் குறித்துக்கொள்கிறார்கள். பிறகு உண்மை வழக்குகளின் சிறுநீரில் அவை இருக்கின்றனவா என்று ஒப்பிடுகிறார்கள். சோதனைக் குழாயில் அதிகம் தோன்றியதே சிறுநீரிலும் அதிகம் இருக்கும் என்பதில்லை. ஆகவே ஒப்பிடாமல் முடிவு சொல்வதில்லை.

1950களில் மருந்தாக ஆராயப்பட்டுக் கைவிடப்பட்ட நிட்டாசீன்கள் 2019 முதல் போதைச் சந்தையில் பரவுகின்றன. அவற்றுள் ஒன்றான ஐசோட்டோனிட்டாசீனை உடல் உடைக்கும்போது வரும் ஒரு துண்டு தானே வீரியமானது. பின்னர் அதையே தனிப் போதைப்பொருளாக விற்கத் தொடங்கிவிட்டார்கள். சிறுநீரில் அந்தத் துண்டு மட்டும் கிடைத்தால், அவர் எதை உட்கொண்டார் என்று எப்படிச் சொல்வீர்கள்? அந்த மாணவியிடம் இதைத்தான் திருப்பிக் கேட்டிருக்கிறேன்.