தோய்ச்சலுக்கு ஒரு பெட்டி

மதுரையிலிருந்து மானாமதுரை போகிற சாலையில் சிலைமானைத் தாண்டினால் கீழடி, பிறகு திருப்புவனம், அதற்கும் அப்பால் திருப்பாச்சேத்தி. கீழடியை ஒட்டிய கொந்தகையில், ஈமத்தாழி ஒன்றுக்குள் மரப்பிடியோடு ஓர் இரும்புக் குறுவாள் 2021-இல் கிடைத்தது. திருப்பாச்சேத்தியில் இன்றும் சம்மட்டிச் சத்தம் கேட்கிறது. அந்த ஊர் அரிவாளுக்குத் தென்மாவட்டங்களில் அறிமுகம் தேவையில்லை. கதிர் அறுக்க, கருவேல முள் வெட்ட, கறி கொத்த, கருப்பசாமிக்கு நேர்த்திக்கடன் செலுத்த என்று எல்லாவற்றுக்கும் அரிவாள் வேண்டும்.

அரிவாளுக்குப் பெரிதும் பயன்படுவது லாரியிலிருந்து கழற்றிய பழைய ஸ்பிரிங் பட்டை. அதில் கரிமம் 0.5 முதல் 0.6 சதவீதம் இருக்கும். கூடவே சிலிக்கான், மாங்கனீசு, சில வகைகளில் குரோமியம். பட்டையை அடித்து உருக்கொடுப்பது பாதி வேலைதான். மீதிப் பாதி தோய்ச்சல், அதாவது காய்ச்சி எண்ணெயில் முக்குவது. அது தப்பினால் தேங்காயை வெட்டும்போதே அரிவாளின் வாய் மடங்கும், அல்லது சில்லுச் சில்லாக உதிரும்.

உள்ளே நடப்பது என்ன?

எஃகு 727 டிகிரி செல்சியஸைத் தாண்டும்போது அதன் அணுக்கள் அடுக்கை மாற்றத் தொடங்குகின்றன. புதிய அடுக்கில் கரிமத்துக்குத் தாராளமாக இடம் கிடைக்கிறது. ஸ்பிரிங் எஃகை 830 முதல் 860 டிகிரி வரை காய்ச்சினால் கரிமம் எங்கும் சீராகக் கரைந்துவிடும். இந்த நிலைக்கு ஆஸ்டினைட் என்று பெயர். அப்போது சட்டென்று எண்ணெயில் முக்கினால், கரிமம் வெளியேற நேரமில்லாமல் உள்ளேயே சிக்கிக்கொள்கிறது. அணு அடுக்கு விறைத்து மார்ட்டென்சைட் ஆகிறது. கண்ணாடி போன்ற கடினம் வருகிறது. கண்ணாடி போலவே நொறுங்கவும் செய்யும். அதனால் மறுபடியும் 200 முதல் 250 டிகிரியில் இரண்டு மணி நேரம் வைத்துப் பதப்படுத்த வேண்டும்.

இதில் வழுவினால் தண்டனை உடனே கிடைக்கும். சூடு குறைந்தால் கரிமம் முழுக்கக் கரையாது, வாய் மழுங்கும். சூடு 950-ஐத் தாண்டி நின்றுவிட்டால் எஃகின் மணிகள் பெருத்துவிடும். ஒடித்துப் பார்த்தால் உடைந்த முகம் கற்கண்டு மாதிரி மினுமினுக்கும்.

கொல்லர் இதையெல்லாம் கண்ணால் பிடிக்கிறார். பட்டறைக்குள் பகலிலும் இருட்டு வேண்டும் என்பது அதனால்தான். வெயிலில் சிவப்பின் பேதம் தெரியாது. உலையில் காயும் தகட்டை உற்றுப் பாருங்கள். மங்கலான சிவப்பு ஏறிக்கொண்டே வரும்போது, ஒரு நிழல் மெல்லிய வாய்ப்பக்கத்திலிருந்து தடித்த முதுகை நோக்கி நகரும். அணு அடுக்கு மாறுவதற்கே வெப்பத்தை விழுங்குவதால், அந்த இடம் மட்டும் பளிச்சிடாமல் சற்று நேரம் இருண்டு நிற்கிறது. நிழல் கரைந்தால் மாற்றம் முடிந்தது. காந்தமும் ஒரு சாட்சி: 770 டிகிரிக்கு மேல் இரும்பு காந்தத்தில் ஒட்டாது.

சீமைக்கருவேலக் கரிக்கு நம் பக்கம் பஞ்சமில்லை. அதைப் போட்டு ஊதுகாற்றை முடுக்கினால் உலை 1,200 டிகிரியை எளிதாகத் தொடும். ஆகவே சூடாக்குவது சிரமமில்லை. ஏறிய சூட்டை 840-இல் பத்து நிமிடம் அசையாமல் நிறுத்துவதுதான் சிரமம். சாண் அகலத்துக்குள்ளேயே கரி உலையில் சூடு மாறுபடும்; வாய் வெந்துபோகும்போது முதுகு இன்னும் காயாமல் இருக்கும். வீட்டில் கட்டும் மின்சாரப் பெட்டி உலை தருவது இந்த நிதானத்தைத்தான்.

பெட்டியின் கணக்கு

சுவருக்கு வெப்பம் கடத்தாத தீச்செங்கல் வேண்டும். நிறையக் காற்றறைகள் கொண்ட இந்தக் கல் மிகவும் லேசானது. இரும்பு அறுக்கும் ரம்பத்தாலேயே அறுபடும். அறுக்கும்போது முகமூடி கட்டாயம். அந்தத் தூசு நுரையீரலுக்கு ஆகாது. உள்ளறை 10 செ.மீ. அகலம், 10 செ.மீ. உயரம், 45 செ.மீ. நீளம் இருந்தால் கத்தியும் சிறு அரிவாளும் அடங்கும். கல்லில் பள்ளம் கீறி, சுருட்டிய காந்தல் கம்பியைப் பதிக்க வேண்டும். இரும்பு, குரோமியம், அலுமினியம் கலந்த கம்பி அது. சூட்டில் தன்மேல் அலுமினா தோலை வளர்த்துத் தன்னையே காத்துக்கொள்ளும்.

வீட்டின் 230 வோல்ட்டில் 2.5 கிலோவாட் வேண்டுமென்றால் ஓடும் மின்னோட்டம் சுமார் 11 ஆம்பியர். கம்பியின் மின்தடை 21 ஓம். 1.2 மி.மீ. தடிமனுள்ள கம்பியில் இதற்கு 16 மீட்டருக்குச் சற்று அதிகம் தேவை. மாலையில் மின்னழுத்தம் 200 வோல்ட்டுக்கு இறங்கினால் திறன் 1.9 கிலோவாட்டாகக் குறையும். உலை காய நேரம் கூடும், அவ்வளவுதான்.

சூட்டை அளப்பது தெர்மோகப்பிள். இரு வேறு உலோகக் கம்பிகளை முனையில் இணைத்துக் காய்ச்சினால் நுண்ணிய மின்னழுத்தம் பிறக்கும் என்று தாமஸ் சீபெக் 1821-இல் கண்டறிந்தார். குரோமெல், அலுமெல் இணைப்பு 850 டிகிரியில் தருவது வெறும் 35 மில்லிவோல்ட். அதை வாசித்து பி.ஐ.டி. கட்டுப்படுத்தி மின்சாரத்தைக் கூட்டிக் குறைக்கிறது. பால் பொங்கி வழிவதற்கு முன்பே, அது ஏறுகிற வேகத்தைப் பார்த்து அடுப்பைத் தணிக்கிறோமே, அதே வேலை.

சீபெக்கின் காலத்தில்தான் மைக்கேல் ஃபாரடேயும் கத்தி செய்பவரான ஜேம்ஸ் ஸ்டோடார்ட்டும் லண்டனில் இந்திய உருக்கை ஆராய்ந்துகொண்டிருந்தார்கள். அந்த உருக்கின் தடங்கள் ஈரோடு மாவட்டத்துக் கொடுமணலில் மண்ணுக்கடியில் கிடைத்திருக்கின்றன. அளவுகருவி இல்லாமலேயே மூசைக்குள் சூட்டைக் கட்டி வைக்கத் தெரிந்தவர்கள் இந்த மண்ணில் இருந்தார்கள்.

பெட்டியில் ஆபத்தும் உண்டு. கம்பியில் மின்சாரம் ஓடிக்கொண்டே இருக்கும். கதவைத் திறந்ததும் இணைப்பு முழுதாகத் துண்டாகும் சுவிட்ச் இல்லாமல் ஒரு நாளும் பயன்படுத்தக் கூடாது. எர்த் இணைப்பும் கசிவு மின்சாரத்தைத் துண்டிக்கும் கருவியும் அவசியம். எண்ணெய்க்கு இரும்பு வாளி, பக்கத்திலேயே மூடி. எண்ணெய் பற்றினால் தண்ணீர் ஊற்றக் கூடாது. கரி உலைக்கு இருக்கும் ஓர் அனுகூலம் பெட்டிக்கு இல்லை. கரி எரியும்போது பிராணவாயு தீர்ந்துவிடும். பெட்டிக்குள் காற்று இருப்பதால் அது எஃகின் மேல்தோலில் உள்ள கரிமத்தைத் தின்றுவிடும். அதற்காகத் தகட்டைக் கொஞ்சம் தடிமனாக விட்டு, பிறகு சாணையில் தேய்த்து எடுக்க வேண்டும்.

எந்த லாரியின் பட்டை, எந்தக் கலவை என்று அதன்மேல் எழுதியிருக்காது. ஆகவே ஒவ்வொரு பட்டையிலிருந்தும் நான்கு துண்டு வெட்டி 800, 830, 860, 890 டிகிரியில் தனித்தனியே காய்ச்சி முக்குங்கள். வைஸில் பிடித்து ஒடித்துப் பாருங்கள். உடைந்த முகம் சாம்பல் நிறத்தில் பட்டுத்துணி போல நுண்மையாக இருக்கும் துண்டு எதுவோ, அதன் எண்தான் அந்தப் பட்டையின் பதம். அதைத் தேர்ந்து சொல்ல, வருஷக்கணக்காக உலை முன் நின்ற ஒரு பெரியவரைக் கூட்டி வாருங்கள். அவர் கண் தொட்டுக் காட்டும் துண்டின் எண்ணைச் சுவரில் சாக்பீஸால் எழுதி வையுங்கள். நாளை உலைக்குப் பழக வரும் பிள்ளை அந்த எண்ணிலிருந்து தொடங்கட்டும்.