வலிக்காத கால்தான் ஆபத்தான கால்!

தைப்பூசம் நெருங்கிவிட்டால் பழனிச் சாலைகளில் எங்கு பார்த்தாலும் பாத யாத்திரைக் கூட்டம்தான். குன்றக்குடி, நத்தம், திண்டுக்கல் வழியாக நகரத்தார் காவடி வருகிறது. பங்குனி உத்திரத்துக்குக் கொடுமுடியிலிருந்து காவிரித் தீர்த்தம் சுமந்து கொங்கு நாட்டார் வருகிறார்கள். பெரும்பாலோர் காலில் செருப்பு கிடையாது. பங்குனி வெயிலில் தார்ச் சாலையோ தோசைக்கல்லாகக் காய்கிறது. கொப்புளம் கண்டவர் "முருகா!" என்று நொண்டுகிறார், சற்று உட்கார்ந்து எழுகிறார்.

கொப்புளம் வலிக்கிறதே, அது நல்ல கால்!

வலிக்காத கால் ஒன்று உண்டு. நெடுநாள் சர்க்கரை வியாதி உள்ளவர்கள் பலருக்குப் பாதத்தின் நரம்புகள் மெல்ல மெல்லச் செயலற்றுப் போகின்றன. முள் தைத்தாலும் தெரியாது. கொப்புளம் உடைந்து, புண்ணாகி, சீழ் வைத்த பிறகும் அவர் பாட்டுக்கு நடப்பார். முற்றிவிட்டால் விரலையோ, காலையோ எடுக்கும்படி ஆகிவிடும்.

மலைமேல் கொடைக்கானலில் இதே ஆபத்து வேறு வேஷத்தில் வருகிறது. மார்கழிக் குளிருக்குக் காலை நெருப்பருகே நீட்டுகிறார்கள். வெந்நீர்ப் பையைப் பாதத்தில் வைத்துப் போர்த்திக்கொள்கிறார்கள். உணர்ச்சியற்ற கால் வெந்துபோனால், பொழுது விடிந்துதான் தெரியும்.

கொல்லிமலையில் பிறந்தவர்

இதன் சூட்சுமத்தை உலகுக்கு எடுத்துச் சொன்னவர்களில் முக்கியமானவர் டாக்டர் பால் பிராண்ட். 1914-ல் கொல்லிமலையில், ஆங்கிலேய மிஷனரித் தம்பதிக்குப் பிறந்தவர். 1946-ல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு அறுவை சிகிச்சை நிபுணராக வந்தார். தொழுநோயாளியின் பாதப் புண் ஆறாது, அந்த நோயில் சதையே அழுகிவிடும் என்று வைத்தியர்கள் பலரும் அந்நாளில் நம்பியிருந்தார்கள். பிராண்ட் நம்பவில்லை. மாவுக்கட்டுப் போட்டுக் காலுக்கு ஓய்வு கொடுத்தார். புண் ஆறியது! கட்டைப் பிரித்து நடக்க விட்டபோது பழையபடி புண் வந்தது.

அப்படியானால் குற்றவாளி யார்? நடைதான். கால் வலித்தால் மனிதன் தன்னையறியாமலே நடையை மாற்றிக்கொள்வான். வலி தெரியாதவன் ஒரே இடத்தில் ஊன்றி ஊன்றி நடக்கிறான். அங்கே சதை நைந்துவிடுகிறது. இதற்காகவே மெத்தென்ற ரப்பர் செருப்புகளை அவரும் அவருடைய சகாக்களும் செய்து பார்த்தார்கள். 1966-ல் அவர் அமெரிக்காவில் கார்வில் தொழுநோய் ஆஸ்பத்திரிக்குச் சென்றார். வேலூரில் கற்ற பாடம் சர்க்கரை வியாதிக்காரரின் காலுக்கும் பயன்பட்டது.

ஒரு நைலான் இழை

இன்று பாத வைத்தியம் பழகும் நர்ஸும் டாக்டரும் முதலில் கற்பது கத்தி பிடிக்க அல்ல, பார்க்கவும் தொடவும்தான். அவர்கள் கையில் தூண்டில் நரம்பு போன்ற ஒரு நைலான் இழை இருக்கும். 10 கிராம் அழுத்தம் பட்டதும் அது வளையும். அவ்வளவுதான் கருவி!

பழகுவதில்தான் சாமர்த்தியம். முதலில் நோயாளியின் கையில் தொட்டுக் காட்ட வேண்டும். பிறகு அவர் கண்ணை மூடிக்கொள்ள, பெருவிரலின் அடியிலும், பாதம் ஊன்றும் மேட்டிலும் இழையை நேராக வைத்து, வளையும்வரை அழுத்தி எடுக்க வேண்டும். காய்ப்பின் மேல் வைத்தால் கணக்குத் தப்பிவிடும். "தெரிகிறதா, தெரிகிறதா" என்று தாளம் போட்டுக் கேட்டால், நம் ஜனங்கள் டாக்டருக்கு மரியாதை செய்வதாக எண்ணித் தலையாட்டிவிடுவார்கள்! ஆகவே இடையிடையே தொடாமலே கேட்க வேண்டும்.

புறங்கையால் இரு பாதங்களின் சூட்டையும் ஒப்பிட வேண்டும்; ஓரிடம் மட்டும் சுட்டால் உள்ளே ஏதோ கோளாறு. பாதத்தின் மேலும், உட்கணுக்காலின் பின்னும் நாடி பார்க்க வேண்டும். விரலிடுக்கைப் பிரித்துப் பார்க்க வேண்டும். காய்ப்புக்கு அடியில் புண் ஒளிந்திருக்கக்கூடும். அதைச் சீவுவது பழகிய கையின் வேலை. வீட்டில் பிளேடு எடுப்பது விபரீதம்.

சரி, நேர்த்திக்கடன் என்ன ஆவது? உணர்ச்சி குறைந்த காலுடன் வெறுங்காலில் நடக்கக் கூடாது என்பதே வைத்திய விதி. செருப்போடு நடந்து வந்த பக்தரை முருகன் திருப்பி அனுப்பியதாகக் கதை இல்லை! அடிவாரத்தில் செருப்பைக் கழற்றிய பின் படியேற முடியாதவருக்கு விஞ்ச்சும் ரோப் காரும் இருக்கின்றன. வழியில் இரவு தங்கும்போது காலைக் கழுவி, விரலிடுக்கு வரை ஈரம் போகத் துடைத்து, உள்ளங்காலைக் கூட வருபவரிடம் காட்ட வேண்டும். தனியே வந்தவருக்குத் தரையில் வைத்த முகக்கண்ணாடி போதும். சிவப்போ, கொப்புளமோ, கசிவோ கண்டால் மறுநாள் நடை கிடையாது. பஸ் ஏறி டாக்டரிடம் போக வேண்டியதுதான்.