ஊசியைத் தாண்டி வந்த உயிரணு

ஜாசின் பக்கத் தோட்டத்தில் என் பாட்டி இடியாப்பம் பிழியும்போது, மாவு இறுகிவிட்டால் வெந்நீர் தெளித்துத் தளர்த்துவார். இல்லாவிட்டால் கைதான் வலிக்கும். மாவுக்கு ஒன்றும் ஆகாது. முப்பரிமாண உயிர் அச்சிலும் ஏறக்குறைய இதே வேலைதான். ஆனால், பிழியப்படும் கூழுக்குள் உயிருள்ள உயிரணுக்கள் இருக்கின்றன.

மனித உயிரணுவின் அகலம் பெரும்பாலும் 10 முதல் 20 மைக்ரோமீட்டர். ஊசித் துளையோ பல வேளைகளில் 200 மைக்ரோமீட்டருக்கு மேல். இவ்வளவு இடமிருந்தும் ஏன் அடிபடுகிறது? துளையின் நடுவில் கூழ் வேகமாகவும் சுவரை ஒட்டி மெதுவாகவும் ஓடுகிறது. அந்த வேக வேறுபாடு உயிரணுவை இழுத்து, அதன் சவ்வைக் கிழிக்கிறது. அழுத்தத்தைக் குறைக்கலாம், அகன்ற ஊசி போடலாம். ஆனால் அச்சின் நுணுக்கம் போய்விடும். கூழைத் தளர்த்தினால் வடிவம் சரிந்துவிடும். கூழை இறுக்கப் புற ஊதாக் கதிர் பாய்ச்சினால் மரபணுவே பழுதாகலாம். அதனால்தான் பலர் கண்ணுக்குத் தெரியும் ஒளிக்கு மாறினார்கள்.

அச்சிட்டதும் சாயம் ஏற்றிப் பார்ப்பார்கள். உயிருள்ளவை பச்சை, இறந்தவை சிவப்பு. பச்சைப் படத்தை மட்டும் காட்டினால் எனக்கு நம்பிக்கை வருவதில்லை. காயம்பட்ட உயிரணு அன்றைக்கே சாக வேண்டும் என்பதில்லை. ஓரிரு நாள் கழித்துத் தன்னைத்தானே அழித்துக்கொள்ளலாம். திசு தடிமனாக இருந்தால் இன்னொரு சிக்கல்: உயிர்வளி சுமார் 0.2 மில்லிமீட்டருக்கு மேல் உள்ளே போய்ச் சேராது. ஆகவே மூன்றாம் நாளும் ஏழாம் நாளும் பார்க்க வேண்டும். பிரிந்து பெருகுகிறதா? தன் வேலையைச் செய்கிறதா?

2022-இல் ஐதராபாத் எல்.வி. பிரசாத் கண் மருத்துவக் கழகம், அங்குள்ள ஐ.ஐ.டி., சி.சி.எம்.பி. ஆகியவற்றுடன் சேர்ந்து விழிவெண்படலத்தை அச்சிட்டு முயலின் கண்ணில் பொருத்தியது. மனித விழிப்படலத்திலிருந்து உயிரணுக்களை நீக்கி எடுத்த பொருளையே கூழாக்கினார்கள். உயிரணுவுக்கு அது பழகிய வீடு.

நம் நாட்டில் மலேசியத் தேசியப் பல்கலைக்கழகம் உருவாக்கிய 'மைடெர்ம்' தோலுக்கு அச்சு ஊசியே கிடையாது. நோயாளியின் தோலிலிருந்து வளர்த்த உயிரணுக்களை அவருடைய இரத்தத்தின் ஃபைப்ரினில் பொதிந்து, ஈரடுக்காகச் செய்கிறார்கள். ஊசி இல்லை என்றால் ஆபத்தே இல்லையா? செரிமானப் பாடத்தில் படித்த டிரிப்சின் நினைவிருக்கிறதா? வளர்ப்புத் தட்டிலிருந்து உயிரணுக்களைப் பிரிக்க ஆய்வுக்கூடங்களில் அதைத்தான் பெரும்பாலும் ஊற்றுவார்கள். சில நிமிடம் அதிகமாக விட்டால், புண்ணில் ஒட்டிக்கொள்ள உதவும் புரதங்களையும் அது அரித்துவிடும்.