கை நசுங்கினால் காபித்தூள் வேண்டாம்!

கிளியூர் அருவிக்குப் போகும் வழியில் காபித் தோட்டங்களைப் பார்த்திருப்பீர்கள். அறுவடைக் காலத்தில் பழத்தின் தோலை உரிக்கும் பல்பர் இயந்திரம் ஓயாமல் ஓடும். சிக்கிய பழத்தைத் தள்ளிவிட ஒரு நொடி கை வைத்தால் போதும், விரல் உள்ளே போய்விடும். "அவ்வளவுதான், விரலை எடுத்துடுவாங்க" என்று அப்போதே மனம் உடைந்துவிடாதீர்கள்.

ஃபிளாப் என்றால் என்ன?

தோல் மட்டும் உரிந்திருந்தால், தொடையிலிருந்து மெல்லிய தோலை எடுத்து ஒட்டிவிடலாம். எலும்போ தசைநாரோ மூடியின்றி வெளியே தெரிந்தால் அந்தத் தோல் பிடிக்காது. அது உயிர்வாழ அங்கே ரத்த ஓட்டம் போதாது. அப்போது தோலையும் கொழுப்பையும் அவற்றின் ரத்தக்குழாயோடு சேர்த்துக் கொண்டுவந்து காயத்தை மூடுகிறார்கள். இந்தத் திசு மடல்தான் 'ஃபிளாப்'.

காயம் சிறியதென்றால் அதே விரலின் திசுவே போதும். விரல்நுனி சாய்வாக வெட்டுப்பட்டால் செய்யப்படும் முக்கோண மடல் முறையை 1980-ல் உலகுக்குச் சொன்னவர்கள் நம் சென்னை ஸ்டான்லி மருத்துவமனை மருத்துவர்கள் ஆர். வெங்கடசாமி, என். சுப்பிரமணியன்.

காயம் பெரியதென்றால் இடுப்பு மடிப்பிலிருந்து மடல் எடுப்பதுண்டு. கை சுமார் மூன்று வாரம் இடுப்போடு இணைந்தே இருக்கும். "இப்படியே எத்தனை நாளுங்க?" என்று சலிப்பு வரும். பொறுத்துக்கொள்ளுங்கள், அதற்குள் கையிலிருந்தே மடலுக்குப் புது ரத்த ஓட்டம் வந்துவிடும். பிறகு பிரித்துவிடுவார்கள்.

முதலில் செய்ய வேண்டியவை

• இயந்திரத்தை நிறுத்துங்கள். மோதிரத்தைக் கழற்றுங்கள்.
• சுத்தமான துணியால் அழுத்திப் பிடித்து, கையை உயர்த்தி வையுங்கள்.
• காபித்தூள், மஞ்சள்தூள், சாணி எதையும் வைக்காதீர்கள்.
• துண்டான விரலை ஈரத்துணியில் சுற்றி, பிளாஸ்டிக் பையில் கட்டி, அந்தப் பையை ஐஸ் தண்ணீரில் வையுங்கள். ஐஸ் நேரடியாக விரலில் படக்கூடாது.
• மயக்க மருந்து தேவைப்படலாம்; சாப்பிட, குடிக்க எதுவும் கொடுக்க வேண்டாம்.
• 108-ஐ அழையுங்கள். ஏற்காடு மலைப்பாதையில் 20 கொண்டை ஊசி வளைவுகள், நேரம் பொன்னானது. பிளாஸ்டிக் சர்ஜரி வசதியுள்ள மருத்துவமனைக்கே கொண்டுபோகச் சொல்லுங்கள்.

செலவுக்குப் பயப்படாதீர்கள்

அரசு மருத்துவமனையில் சிகிச்சை இலவசம். ஆண்டு வருமானம் ரூ.1,20,000-க்குள் உள்ள குடும்பங்கள் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் சேரலாம். சந்தேகமிருந்தால் 1800 425 3993 என்ற கட்டணமில்லா எண்ணில் கேளுங்கள்.

வீட்டுக்கு வந்த பிறகு

பீடி, சிகரெட் கூடவே கூடாது; அவை ரத்தக்குழாயைச் சுருக்கி மடலையே கெடுத்துவிடும். மடல் நீலமாகவோ கருப்பாகவோ மாறினால், "காலையில பார்த்துக்கலாம்" என்று இருக்காமல் உடனே மருத்துவமனைக்குப் போங்கள். பிசியோதெரபிஸ்ட் சொல்லும் பயிற்சியை வலித்தாலும் விடாதீர்கள். மடல் காயத்தைத்தான் மூடும். விரல் மறுபடி மடங்கிக் காபிப் பழம் பறிக்க வேண்டுமானால், அந்தப் பயிற்சிதான் வழி.