வில்லங்கம் பார்த்தலும் பத்திரம் பதிதலும்

விவசாயிக்கு நிலமே மூலதனம். பிள்ளைகளுக்கு விட்டுச் செல்லும் சொத்தும் அதுவே. அத்தகைய நிலம் கைமாறும்போது நாம் காட்டும் கவனம், ஒரு ஜோடி உழவு மாடு வாங்கும்போது காட்டும் கவனத்திலும் குறைவாகவே பல சமயங்களில் இருக்கிறது. மாட்டிற்குப் பல் பார்க்கிறோம், சுழி பார்க்கிறோம், நடக்கவிட்டுப் பார்க்கிறோம். நிலத்திற்கோ, "தெரிந்த மனிதர்தானே, உள்ளூர்தானே" என்று முன்பணத்தைக் கொடுத்துவிடுகிறோம்.

பெரம்பலூர், அரியலூர் பகுதியில் வளர்ச்சிப் பணியில் இருக்கும் நாம் நேரில் கண்ட ஒரு நிகழ்ச்சியை முதலில் கூறுவோம். ஊர்ப் பெயர் வேண்டாம். அவ்வூர்ப் பெரியவர் ஒருவர், குழந்தைகளுக்கு அங்கன்வாடி கட்டுவதற்காகத் தம் நிலத்தில் ஐந்து சென்டை மனமுவந்து அளித்தார். பஞ்சாயத்துக் கூட்டத்தில் நன்றி தெரிவித்துத் தீர்மானம் எழுதினார்கள். கட்டடமும் எழும்பிற்று. ஆனால் பத்திரம் எழுதிப் பதிவு செய்ய வேண்டும் என்பது ஒருவருக்கும் தோன்றவில்லை. பெரியவர் காலமான பின் பிள்ளைகள் பாகம் பிரித்துக்கொண்டார்கள். அவர்களில் ஒருவர் தம் பாகத்தை, அந்த ஐந்து சென்டும் உள்ளடங்கலாக, வெளியூரார் ஒருவருக்குக் கிரயம் செய்துவிட்டார். வாங்கியவர் வில்லங்கம் பார்த்துத்தான் வாங்கினார். அதில் பஞ்சாயத்தின் பெயரே இல்லை. கட்டடத்திற்கு இன்னோர் அறை சேர்க்கப் பணம் வந்தபோது, நிலத்திற்கு ஆதாரம் கேட்டார்கள். காட்டுவதற்குத் தீர்மானப் புத்தகத்தைத் தவிர வேறொன்றும் இல்லை. ஒதுக்கிய பணம் திரும்பிப் போயிற்று. குழந்தைகள் ஒரே அறையில் நெருக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள்.

கொடுத்தவர் மனத்திலும் பெற்றவர் மனத்திலும் குற்றமில்லை. குற்றம் எழுதாமல் விட்டதில்தான்.

பதிவு என்பது என்ன?

1908-ஆம் ஆண்டுப் பதிவுச் சட்டப்படி, 100 ரூபாயும் அதற்கு மேலும் மதிப்புள்ள அசையாச் சொத்தின் உரிமையை மாற்றும் கிரயப் பத்திரங்களைக் கட்டாயம் பதிவு செய்ய வேண்டும். தானப் பத்திரத்திற்கோ மதிப்பு வரம்பே கிடையாது. ஒரு சென்டு நிலமானாலும் பதிவு அவசியம். பதிய வேண்டிய பத்திரத்தைப் பதியாது விட்டால் அது உரிமையை மாற்றாது.

ஆனால் ஒன்றை மறந்துவிடலாகாது. சார்பதிவாளர் பதிவு செய்வது பத்திரத்தையே. உரிமைக்கு அவர் ஜாமீன் நிற்பதில்லை. ஆஸ்திரேலியாவில் டாரன்ஸ் என்பவர் 1858-இல் ஏற்படுத்திய முறையில், பதிவேட்டில் எழுதப்பட்ட உரிமைக்கு அரசாங்கமே பொறுப்பேற்கிறது. நம் நாட்டு முறை அதுவன்று. விற்பவருக்கு உண்மையிலேயே உரிமை உண்டா என்று பார்த்துக்கொள்வது வாங்குபவரின் கடமை. ஆகவே பதிவுக்கு முன் தேடுதல் வேண்டும். தேடிய பின் தாமதமின்றிப் பதிவு வேண்டும்.

எங்கே தேடுவது?

முதலில் விற்பவரிடம் மூலப் பத்திரத்தைக் கேளுங்கள். நகல் போதாது, அசலையே பாருங்கள். அவருக்கு நிலம் எவ்வாறு வந்தது, அவருக்கு எழுதிக் கொடுத்தவருக்கு எவ்வாறு வந்தது என்று படிப்படியாகப் பின்னோக்கிச் செல்லுங்கள். சங்கிலியில் ஒரு கண்ணி குறைந்தாலும் அதற்குக் காரணம் தெரிந்தாக வேண்டும்.

இரண்டாவது, வில்லங்கச் சான்று. சார்பதிவாளர் அலுவலகத்தில் அசையாச் சொத்துப் பத்திரங்கள் 1-ஆம் புத்தகத்தில் ஏறுகின்றன. பெயர் வரிசையில் ஒன்றும் சொத்து வரிசையில் ஒன்றுமாக அட்டவணைகள் உண்டு. இவற்றைக் கட்டணம் செலுத்தி யாரும் பார்க்கலாம். நிலத்துக்குச் சொந்தக்காரராக இருக்க வேண்டும் என்பதில்லை. 1975 முதலான பதிவுகளைப் பெரும்பாலும் பதிவுத் துறையின் இணையதளத்திலேயே காணலாம். அதற்கு முந்தையவற்றுக்கு அலுவலகத்தில் மனுச் செய்ய வேண்டியிருக்கும். 13 ஆண்டு வில்லங்கம் போதும் என்று சிலர் கூறுவர். 30 ஆண்டுகளேனும் பார்ப்பதே விவேகம்.

மூன்றாவது, வருவாய்த் துறைக் கணக்குகள். பட்டா, சிட்டா, அடங்கல், 'அ' பதிவேடு, புலப்படம் ஆகியவற்றைப் பத்திரத்தோடு ஒப்பிடுங்கள். பத்திரத்தில் ஏக்கர், சென்டு என்றிருக்கும். பட்டாவில் ஹெக்டேர், ஏர் என்றிருக்கும். ஒரு ஏக்கர் என்பது ஏறக்குறைய நாற்பதரை ஏர்.

நான்காவது, நிலத்திற்கே செல்லுங்கள். நான்கு மாலும் சரியா, உழுபவர் யார், பாதை உண்டா, கிணற்றில் பங்கு யார் யாருக்கு என்பதைப் பக்கத்து நிலத்துக்காரரிடம் கேளுங்கள். காகிதம் கூறாததை வரப்பு கூறும்.

நம் பகுதிக்கே உரிய சிக்கல்கள்

பெரம்பலூர், அரியலூர், உடையார்பாளையம் தாலுகாக்கள் முன்பு திருச்சிராப்பள்ளி ஜில்லாவில் இருந்தன. 1995-இல் பெரம்பலூர் தனி மாவட்டமாயிற்று. அதிலிருந்து 2001-இல் அரியலூர் பிரிந்தது. 2002-இல் மீண்டும் இணைந்தது. 2007 நவம்பர் 23 முதல் மறுபடியும் தனி மாவட்டமாக விளங்குகிறது. குன்னம், ஆண்டிமடம் போன்ற தாலுகாக்களும் பின்னாளில் ஏற்பட்டவை. ஆகவே ஒரே நிலம் வெவ்வேறு பத்திரங்களில் வெவ்வேறு ஜில்லா, தாலுகாப் பெயர்களோடு காணப்பட்டால் திகைக்க வேண்டாம். ஆனால் உங்கள் கிராமம் முன்பு வேறு சார்பதிவாளர் அலுவலகத்தைச் சேர்ந்திருந்ததா என்று விசாரித்து, அவ்வாறாயின் அக்காலத்திற்குரிய பதிவுகளையும் தேடச் செய்யுங்கள். ஒரு காலத்தை விட்டுவிட்டுப் பார்த்த வில்லங்கம், ஒரு பக்கம் வேலி போடாத கொல்லை போன்றது.

உடையார்பாளையம், அரியலூர் ஜமீன் கிராமங்களில் மற்றொரு சிக்கல் உண்டு. 1948-ஆம் ஆண்டு எஸ்டேட் ஒழிப்புச் சட்டத்தின் பின்னரே ஜமீன் நிலங்கள் ரயத்துவாரி முறைக்கு வந்தன. அதற்கு முற்பட்ட பத்திரங்களில் சர்வே எண்ணுக்குப் பதிலாகப் பைமாஷ் எண் இருக்கலாம். பழைய எண்ணுக்கு நேரான புதிய எண் எது என்பதை வருவாய்க் கணக்கைக் கொண்டு உறுதி செய்துகொண்ட பின்னரே வில்லங்க மனு எழுத வேண்டும். 1979 முதல் 1987 வரை நடந்த நில உடைமைப் பதிவு மேம்பாட்டுத் திட்டத்தின்போதும் உட்பிரிவு எண்கள் பல மாறின. சில இடங்களில் பெயர்ப் பிழைகளும் புகுந்தன. பழைய எண், புதிய எண் இரண்டையும் கொடுத்துத் தேடுவதே பாதுகாப்பு.

ஜெயங்கொண்டம் பகுதியில் பழுப்பு நிலக்கரித் திட்டத்திற்காக 1990-களில் நிலங்கள் கையகப்படுத்தப்பட்டன. இவ்வாறு கையகப்படுத்தும்போது கிரயப் பத்திரம் எழுதுவதில்லை. எனவே வில்லங்கச் சான்றை மட்டும் பார்த்தால் செய்தி தெரியாமற் போகலாம். அப்பகுதியில் நிலத்தின் இன்றைய நிலையைத் தாலுகா அலுவலகத்தில் அறிந்துகொள்ளாமல் முன்பணம் கொடுக்கலாகாது.

வில்லங்கச் சான்று கூறாதவை

"வில்லங்கம் இல்லை" என்ற சான்று வந்துவிட்டால் எல்லாம் முடிந்தது என்று எண்ண வேண்டாம். பதிவு செய்யாத உயில், வாய்மொழிப் பாகம், குத்தகை, பதிவுக்கு வராத கடன், நடந்துகொண்டிருக்கும் வழக்கு ஆகியவை அதில் தோன்றாமலிருக்கலாம். வழக்கு நிலுவையில் உள்ள நிலத்தை வாங்குபவர் அதன் தீர்ப்புக்குக் கட்டுப்பட்டவரே. குடும்பச் சொத்தாயின் வாரிசுகள் அனைவரும் கையெழுத்திடுகிறார்களா என்று பாருங்கள். பெண் மக்களுக்கும் பங்கு உண்டு என்பதைத் தமிழ்நாட்டில் 1989-ஆம் ஆண்டுத் திருத்தமும், நாடு முழுமைக்கும் 2005-ஆம் ஆண்டுத் திருத்தமும் நிலைநாட்டியுள்ளன. பவர் பத்திரத்தை மட்டும் பெற்றுக்கொண்டு நிலம் நம்முடையது என்றிருப்பதும் தவறு. அது கிரயம் ஆகாது என்று 2011-இல் உச்ச நீதிமன்றம் தெளிவுபடுத்திவிட்டது.

பதிவும் பட்டாவும்

பத்திரம் எழுதிக் கையெழுத்தான நாளிலிருந்து நான்கு மாதங்களுக்குள் பதிவுக்குத் தாக்கல் செய்ய வேண்டும். தவிர்க்க முடியாத காரணம் இருந்தால் மேலும் நான்கு மாதங்கள் வரை அபராதத்துடன் அனுமதி பெறலாம். பத்திரத்தில் கிராமம், சர்வே எண், உட்பிரிவு, பரப்பு, நான்கு எல்லை, பாதை உரிமை, கிணற்றுப் பங்கு ஆகியவை பிழையின்றி இருக்கின்றனவா என்று கையெழுத்திடுமுன் வாசிக்கச் சொல்லிக் கேளுங்கள். பதிவோடு வேலை முடிவதில்லை. பட்டா உங்கள் பெயருக்கு மாறிற்றா, உட்பிரிவு தேவையாயின் நில அளவர் அளந்தாரா என்பதைத் தொடர்ந்து கவனியுங்கள். பட்டா மட்டும் உரிமைப் பத்திரம் ஆகாது. பத்திரம் இருந்தும் பட்டா பழைய பெயரில் கிடந்தால் நாளை தகராறுக்கு அதுவே விதை.

பஞ்சாயத்து உறுப்பினர்களுக்கு

அங்கன்வாடிக்கோ, மேல்நிலைத் தொட்டிக்கோ, பாதைக்கோ நிலம் தானமாக வந்தால், அஸ்திவாரம் தோண்டுமுன் மூன்று காரியங்களை முடித்துவிடுங்கள். முதலாவது, கொடுப்பவருக்கு உரிமை உண்டா என வில்லங்கம் பாருங்கள். இரண்டாவது, இரு சாட்சிகளோடு தானப் பத்திரம் எழுதிப் பதிவு செய்யுங்கள். கொடுப்பவர் உயிரோடிருக்கும்போதே பஞ்சாயத்து அதை ஏற்றுக்கொள்ள வேண்டும் என்பது சட்டம். மூன்றாவது, வருவாய்க் கணக்கில் பஞ்சாயத்தின் பெயரை ஏற்றி, உங்கள் சொத்துப் பதிவேட்டிலும் எழுதி வையுங்கள்.

பூமிதான நிலம், கோயில் நிலம், 1892-ஆம் ஆண்டு அரசாணையை ஒட்டி ஒடுக்கப்பட்ட வகுப்பினருக்கு அளிக்கப்பட்ட பஞ்சமி நிலம் ஆகியவை சாதாரண நிலங்களைப் போல் கைமாறத் தக்கவை அல்ல. உங்கள் ஊரில் இத்தகையவை எவை என்று 'அ' பதிவேட்டிலும் தாலுகா அலுவலகத்திலும் கேட்டு வைத்துக்கொண்டால், ஏழைகள் ஏமாற்றப்படாமல் காக்கலாம்.

முதலில் கூறிய ஊரில் காரியம் எவ்வாறு முடிந்தது? பெரியவரின் பிள்ளைகளும், மணமாகி வெளியூரில் வாழும் பெண்களும், நிலத்தை வாங்கியவரும் பல நாள் பேச்சுக்குப் பின் ஒன்றுகூடி அந்த ஐந்து சென்டைப் பஞ்சாயத்துக்குப் பத்திரம் எழுதிப் பதிந்து கொடுத்தார்கள். தகப்பனார் சொல் பொய்க்கக் கூடாது என்று முதலில் கையெழுத்திட்டவர் மூத்த பெண்ணே. அடுத்த ஆண்டு கேட்ட பணம் அதற்கும் அடுத்த ஆண்டுதான் வந்தது. ஒரு நாளில் முடிந்திருக்க வேண்டிய காரியத்திற்கு எத்தனையோ நடை! பெரியவர் இருக்கும்போதே அவர் கையெழுத்தைப் பெற்றிருந்தால், அவருடைய தருமம் அவர் கண்ணெதிரே நிலைத்திருக்கும்.

உங்கள் பஞ்சாயத்தில் இவ்வாறு வாய்மொழியாக வந்த நிலம் உண்டா? அடுத்த கூட்டத்திலேயே பட்டியல் எடுங்கள். கொடுத்தவர் இன்றும் நம்மிடையே இருந்தால், அவரை மரியாதையோடு அழைத்துக்கொண்டு சார்பதிவாளர் அலுவலகத்திற்குச் செல்லும் நாளை அந்தக் கூட்டத்திலேயே குறித்துவிடுங்கள்.